சுற்றுகிறவர் காதுக்கு எட்டாத சங்கதி

அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சுருதி கூடும், தாண்டிப் போனால் குறையும் என்று பையன் படிக்கிறான். எங்கள் தெருவில் அப்படி ஒன்றும் கேட்கவில்லையே, சார்?”

எப்படிக் கேட்கும்? பெங்களூரு நெரிசலில் முதலில் ஆம்புலன்ஸ் நகர வேண்டுமே! நகர்ந்தாலும் சைரன் தானாகவே ஏறி இறங்கும். அதில் பையன் படிக்கும் ஏற்ற இறக்கம் (டாப்ளர் விளைவு என்பார்கள்) எது, சைரனுடையது எது என்று யார் பிரிப்பது? இதற்கு ஒரே சுருதியில் கத்தும் ஒரு பொருள்தான் வேண்டும்.

எஸ்.பி. ரோட்டில் சின்ன பஸ்ஸர் கிடைக்கும். விடாமல் கத்துவதாகக் கேட்டு வாங்குங்கள். என் தலையில் முதலில் கட்டியது, கார் ரிவர்ஸ் எடுப்பதுபோல விட்டுவிட்டுக் கத்தும் ரகம். 9 வோல்ட் பேட்டரியை இணைத்து, ஸ்பாஞ்ச் பந்தைக் கீறி உள்ளே திணித்து, பந்தைப் பழைய சாக்ஸில் போட்டு ஒரு மீட்டர் கயிற்றில் இறுகக் கட்டுங்கள். அப்புறம் மொட்டை மாடிக்குப் போய்த் தலைக்கு மேலே சுற்ற வேண்டியதுதான்.

நொடிக்கு இரண்டு சுற்று என்றால் பந்தின் வேகம் நொடிக்குச் சுமார் 12.5 மீட்டர். ஒலியின் வேகம் கிட்டத்தட்ட 346. பஸ்ஸர் 3000 ஹெர்ட்ஸில் கத்தினால், தள்ளி நிற்பவருக்கு அது சுமார் 3110 வரை ஏறி 2895 வரை இறங்கும். சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளியைவிடச் சற்று அதிகம். சங்கீதம் தெரியாத காதுக்கும் எட்டும்.

வேடிக்கை இனிமேல்தான். சுற்றுகிறவருக்கு எந்த மாற்றமும் கேட்காது! பந்து என்னதான் பறந்தாலும் அவரை நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை; கயிறு விடாது. தள்ளி நிற்பவருக்கோ, பந்து மிக அருகில் வரும் கணத்தில் சுருதி உச்சத்தில் இருக்காது. அந்தக் கணத்தில் பந்து குறுக்கே போகிறது, அதனால் பஸ்ஸரின் சொந்தச் சுருதிதான் கேட்கும். உச்சம் அதற்கு முன்பே, பந்து நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பாயும்போது வந்துவிடும். பக்கத்தில் வந்தால் கூடுவது சத்தம். சுருதிக்குக் கணக்கு தூரம் அல்ல, நெருங்கும் வேகம். சத்தத்தையும் சுருதியையும் குழப்பிக்கொள்ளாத மாணவனை நான் பார்த்தது அபூர்வம்.

ஒளிக்கும் இதே கதைதான். ஒளியில் சுருதிக்குப் பதில் நிறம் துளி மாறும். 1909-இல் கொடைக்கானல் ஆய்வகத்தில் எவர்ஷெட் என்ற வானியலாளர், சூரியப் புள்ளிகளின் (சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகள்) நிறமாலையில், அதாவது ஒளியை வானவில்போல நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், கருங்கோடுகள் இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியிலிருந்து வாயு நாலாபக்கமும் வழிந்து ஓடுகிறது என்பது அதன் பொருள். அந்த ஆய்வகத்தை இப்போது நடத்துவது நம் கோரமங்களாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம். நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி அலுப்பான வேலைக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்; ராக்கெட்டுக்குக் கைதட்ட ஆள் இருக்கிறது.

சரி, புள்ளி சூரியவட்டத்தின் நடுவில் இருந்தபோது எவர்ஷெட்டுக்கு அந்த இடப்பெயர்ச்சி தெரியவில்லை. ஓரத்துக்கு நகர்ந்தபோதுதான் தெரிந்தது. நடுவில் இருக்கும்போது வாயு நம் பார்வைக்குக் குறுக்கே ஓடுகிறது, மாடியில் சுற்றுகிறவருக்குச் சாக்ஸுக்குள் சுற்றும் பந்தைப் போல.