ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் இரட்டைப் பட்டம் வாங்கினால் பிசியோ ஆகிவிட முடியாது

போன வாரமும் ஒரு மாணவர் வந்தார். மெல்பர்னில் நான்காம் வருஷம் படிக்கிறார். பிசினஸும் உடற்பயிற்சி அறிவியலும் சேர்ந்த இரட்டைப் பட்டம், பிசினஸ் பக்கம் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட். எங்கள் கிளினிக்கில் பயிற்சிக்கு இடம் கேட்டு வந்தவர், பேச்சோடு பேச்சாக, "படிச்சு முடிச்சதும் பிசியோவா ரிஜிஸ்டர் பண்ண என்னென்ன பேப்பர் வேணும் அண்ணா?" என்று கேட்டார். அவருடைய அப்பா ஊரில் எல்லோரிடமும் பையன் ஸ்போர்ட்ஸ் டாக்டருக்குப் படிப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறாராம். நல்ல பையன், மார்க்கும் நன்றாகவே வாங்கியிருக்கிறான். சேர்த்துவிட்ட ஏஜென்ட் சொன்னதை அப்படியே நம்பியதைத் தவிர அவன் வேறெதுவும் செய்யவில்லை. இப்படி வருகிறவர்களில் இவன் முதல் ஆளும் இல்லை. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பிசியோ விஷயம். ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபிஸ்ட் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர். அதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட பிசியோதெரபி படிப்பை முடித்து, ஆப்ரா என்ற மருத்துவத் தொழிலர் பதிவு அமைப்பில் பதிவு செய்தவர்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் போட்டுக்கொண்டால் 60,000 டாலர் வரை அபராதம், 3 வருஷம் வரை சிறை. உடற்பயிற்சி அறிவியல் படித்தவர் அந்தப் பதிவுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. ஒரு செமஸ்டர் பிரிட்ஜ் கோர்ஸ் கிடையாது, அனுபவத்தை வைத்து ஏறிப்போகும் வழியும் கிடையாது. பட்டம் வாங்கிய பிறகு பிசியோவில் முதுநிலைப் படிப்புக்குப் போட்டி போட்டு இடம் பிடித்து, மறுபடி 2, 3 வருஷம் படிக்கலாம். அதுவும் இளநிலையில் உடற்கூறியலும் உடலியங்கியலும் அவர்கள் கேட்கும் அளவுக்குப் படித்திருந்தால். ஸ்போர்ட்ஸ் டாக்டர் என்றால் மருத்துவப் படிப்பு முடித்து, அதற்கு மேல் வருஷக்கணக்கில் சிறப்புப் பயிற்சி. இந்தப் பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் பிசியோவா என்று கேட்டால் அதுவும் இல்லை, எக்சர்சைஸ் ஃபிசியாலஜிஸ்ட், அதாவது நோயாளிகளுக்கு உடற்பயிற்சி வழியாகச் சிகிச்சை தருகிறவன். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்னமும் இது புரியவில்லை, அவர்களை விட்டுவிட்டேன். கட்டணம் கட்டிப் படிக்கிறவர்களை அப்படி விட முடியவில்லை.

சரி, அறிவியல் பாதியைப் படித்தால் என்னதான் கிடைக்கும்? இங்கே இந்தத் துறைக்கு எஸ்ஸா என்ற தொழில் அமைப்பு அங்கீகாரம் தருகிறது. 3 வருஷப் படிப்போடு 140 மணி நேரக் களப்பயிற்சியும் முடித்தால் முதல் படியான எக்சர்சைஸ் சயின்டிஸ்ட். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுக்கலாம். அதற்கு மேல் நோயாளிகளோடு 360 மணி நேரமும் அதற்கான பாடங்களும் முடித்தால்தான் என்னைப் போல எக்சர்சைஸ் ஃபிசியாலஜிஸ்ட் ஆகி சர்க்கரை நோயாளி, இதய நோயாளியைப் பார்க்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணமும் வரும். முதல் படிக்கு அந்தப் பணம் வராது. கிளினிக் நடத்துகிறவர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

இரட்டைப் பட்டத்தில் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ஒரு பட்டத்துக்கு வழக்கமாக 24 பாடம். இரண்டுக்கும் 48 ஆக வேண்டும். ஆனால் 4 வருஷத்தில் படிப்பது 32தான். மீதி 16 எங்கே போனது என்று பெற்றோர் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. விருப்பப் பாடங்களுக்கான இடத்தில் அடுத்த பட்டத்தின் பாடங்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. தப்பில்லை, முறைப்படி செய்வதுதான். ஆனால் சில படிப்புகளில் எஸ்ஸா கேட்கும் பாடமும் களப்பயிற்சியும் கட்டாயப் பட்டியலில் இல்லாமல் விருப்பப் பட்டியலில் இருக்கும். நேரம் ஒத்துவரவில்லை என்று அதை விட்டுவிட்டால் கையில் பட்டம் இருக்கும், அங்கீகாரம் இருக்காது. வந்த பையனுக்கு நடந்தது இதுதான். தனிப் பட்டத்துக்கு இருக்கும் அங்கீகாரம் அதே பல்கலைக்கழகத்தின் இரட்டைப் பட்டத்துக்கும் இருக்கும் என்று தயவுசெய்து நினைத்துக்கொள்ளாதீர்கள். எஸ்ஸா தளத்தில் பட்டியல் இருக்கிறது. படிப்பின் முழுப் பெயரோடு தேடிப் பாருங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இந்தப் படிப்பே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இது எதற்காக இருக்கிறது என்று புரிய எசென்டன் கதை ஒன்று போதும். மெல்பர்னின் பழைய ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய பாணி கால்பந்து, கிளப்புகளில் ஒன்று. 2012 சீசனில் அங்கே வீரர்களுக்கு ஊசி மருந்துத் திட்டம் ஒன்று ஓடியது. என்ன மருந்து, யாருக்கு, எவ்வளவு என்பதற்கு ஒழுங்கான பதிவேடு இல்லை. கிளப்பே நியமித்த விசாரணையின் அறிக்கை 2013இல் வந்தபோது, அந்தத் திட்டத்தை யாரும் கட்டுப்படுத்தவும் இல்லை, எதிர்த்துக் கேட்கவும் இல்லை, சரியாகப் பதிவு செய்யவும் இல்லை என்றது. கிளப்புக்கு 20 லட்சம் டாலர் அபராதம், அந்த வருஷ இறுதிச் சுற்று ஆட்டங்களில் இடமும் இல்லை. 2016 ஜனவரியில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த கிளப்பின் 34 வீரர்களை ஊக்கமருந்துக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த சீசனே போனது. நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு பட்ஜெட் தெரியும், ஸ்பான்சர் ஒப்பந்தம் தெரியும். மருந்துப் பட்டியலைக் கையில் வாங்கி, இது எதற்கு, யார் அனுமதித்தது, நோயாளிகளிடமாவது சோதித்த மருந்தா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் நிர்வாக நாற்காலியில் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம். இரண்டு பக்கமும் தெரிந்தவருக்கு அந்த நாற்காலிதான் இடம். ஓட்டத்தை அளக்க வீரர்கள் போடும் ஜிபிஎஸ் பனியனை உலகம் முழுக்க விற்கும் கேட்டபுல்ட் நிறுவனமும் மெல்பர்னில் தொடங்கியதுதான். பயிற்சிச் சுமையின் கணக்கும் ஒப்பந்தமும் ஒருசேரப் புரிகிற ஆள் அந்த மாதிரி இடங்களுக்கும் வேண்டும்.

ஆனால் முதல் வேலை அங்கே கிடைக்காது. நகராட்சியின் நீச்சல் குளம், ஜிம், கிளப்பின் மெம்பர்ஷிப் டெஸ்க், மாநில சங்கத்தின் ஜூனியர் பிரிவு என்றுதான் ஆரம்பம். சனி ஞாயிறு வீட்டில் இருக்க முடியாது, மேட்ச் நடப்பது அன்றைக்குத்தானே. நிலையான வேலை என்றும் நம்பிவிட வேண்டாம். 2020இல் கொரோனா வந்தபோது ஃபுட்டி லீக்கை நடத்தும் ஏஎஃப்எல் அமைப்பும் கிரிக்கெட் ஆஸ்திரேலியாவும் ஊழியர்களில் சுமார் 80 சதவீதம் பேரைச் சம்பளத்தைக் குறைத்தோ நிறுத்தியோ வீட்டுக்கு அனுப்பின. "எனக்கு கிரிக்கெட்னா உயிர்" என்று விண்ணப்பத்தின் முதல் வரியில் எழுதுகிறவர்களே, அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் அத்தனை பேருக்கும் அது உயிர்தான். அக்கவுன்டிங் பாடத்தில் என்ன மார்க் என்று எழுதுங்கள்.

சேரப் போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன்பு நான்கு வருஷப் பாடத் திட்டத்தைக் கையில் வாங்குங்கள். ஏஜென்ட் தரும் வண்ணத் துண்டுப் பிரசுரம் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் கையேடு வேண்டும். களப்பயிற்சி எத்தனை மணி நேரம், கட்டாயமா விருப்பமா, இடத்தை அவர்கள் பிடித்துத் தருவார்களா நீங்களே தேட வேண்டுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேர வேலைக் கட்டுப்பாடு இருக்கிறது. படிப்பின் கட்டாயப் பகுதியான பயிற்சி அந்தக் கணக்கில் வராது, நீங்களாகப் போய்ச் செய்யும் சம்பள வேலை வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு விசாவுக்கு வினை தேடாதீர்கள்.

ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டாம் வருஷம் முடிவதற்குள் பாட ஆலோசகரைப் பார்த்து, எஸ்ஸாவுக்கு எது குறைகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். நான்காம் வருஷ அக்டோபரில், படிப்பே முடியப் போகும் நேரத்தில், என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய முடியும்? குழந்தைகளோடு வேலை செய்வதற்கான அனுமதி அட்டை, போலீஸ் சான்றிதழ், முதலுதவிச் சான்றிதழ் மூன்றையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள் கண்ணுகளா. அவை இல்லாமல் கிளினிக்குக்குள் உங்களை நிற்கவைக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை.