முதலில் விலை, பிறகு தடுப்பூசி

டிசம்பர் பிறந்தால் சகாராவிலிருந்து ஹர்மாட்டான் காற்று இறங்கும். ஈரமே இல்லாத புழுதிக்காற்று. உதடு வெடிக்கும், தொண்டை காய்ந்து கமறும். மேற்கே செனகல் முதல் கிழக்கே எத்தியோப்பியா வரை, ஆப்பிரிக்காவின் இடுப்பில் ஒட்டியாணம் கட்டியதுபோல் கிடக்கும் 26 நாடுகளுக்கு அது மூளைக்காய்ச்சல் பருவம். முதல் நல்ல மழை விழுந்ததும் நோய் தானாக அடங்கிவிடும்.

மூளைக்காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் இங்கே வீங்குவது மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வு. காரணம் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா. நோயாளியால் கழுத்தை வளைத்து முகவாயை நெஞ்சில் வைக்க முடியாது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தால் பளிங்குபோல் சொட்ட வேண்டியது, அரிசி களைந்த தண்ணீராகக் கலங்கி வரும். மருந்து கொடுத்தாலும் பத்தில் ஒருவர் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களில் சிலருக்குக் காது போய்விடும். 1996-97இல் வந்த அலையில் மட்டும் 2,50,000 பேருக்கு மேல் படுத்தார்கள். சுமார் 25,000 பேர் மாண்டார்கள்.

அப்போது தடுப்பூசி இல்லாமல் இல்லை. ஆனால் அது அரைகுறை ஊசி. ஏன் என்பதில்தான் சுவாரஸ்யம்.

இந்தக் கிருமி தன்மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலிப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அந்தப் போர்வையின் வகையை வைத்துத்தான் ஏ, சி, டபிள்யூ என்று கிருமிக்குப் பெயர். அன்றைய ஆப்பிரிக்கக் கொள்ளைநோய்களில் பெரும்பாலானவை ஏ வகையின் கைவரிசை. பழைய தடுப்பூசியில் இருந்தது வெறும் சர்க்கரைப் போர்வை. நம் உடலில் எதிர்ப்புப் பொருள் தயாரிப்பவை பி செல்கள். அவை முழுவேகத்தில் இறங்கவும், பார்த்ததை நினைவில் வைக்கவும் டி செல்களின் தூண்டுதல் வேண்டும். டி செல்லுக்கோ சர்க்கரையைப் படிக்கத் தெரியாது. புரதத் துணுக்கு மட்டுமே அதற்குப் புரியும் எழுத்து. எனவே வெறும் சர்க்கரையைக் கொடுத்தால் பெரியவர்களுக்குச் சில ஆண்டுப் பாதுகாப்பு கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதுவும் சரியாக எடுபடாது. தொண்டையில் கிருமியைச் சுமந்தபடி நோயில்லாமல் நடமாடுபவர்களிடமிருந்து பரவுவதையும் அது நிறுத்தாது. ஆகவே கொள்ளைநோய் மூண்ட பிறகு ஓடி ஓடி ஊசி போடுவதே வழக்கமாக இருந்தது. வீடு பற்றிய பிறகு கிணறு வெட்டும் கதை.

இதற்கு வழி ஏற்கெனவே தெரிந்ததுதான்: சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிமுறையில் பிணைத்துவிடுவது. முகம் தெரியாத திருடனை ஊரறிந்த கேடியோடு சேர்த்து விலங்கு மாட்டி இழுத்து வருவதுபோல. சர்க்கரையை அடையாளம் கண்ட பி செல், பிணைந்திருக்கும் புரதத்தையும் சேர்த்து விழுங்குகிறது. புரதத்தைத் துண்டாக்கி வெளியே காட்டுகிறது. டி செல் அதைப் படித்துவிட்டு ‘ம், ஆகட்டும்’ என்கிறது. பி செல் பெருகுகிறது. ஆனால் அது தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள் சர்க்கரைக்கு எதிரானது. நினைவும் தங்குகிறது, தொண்டையில் கிருமி குடியேறுவதும் தடைபடுகிறது. பணக்கார நாடுகள் இதே நுட்பத்தில் சி வகைக்கு 1999 முதலே தடுப்பூசி போட்டன. ஏ வகைக்கு அப்படி ஒன்று வரவில்லை. அறிவியல் இல்லாமல் அல்ல, வாங்க ஆளில்லாமல்.

2001இல் உலக சுகாதார நிறுவனமும் ‘பாத்’ என்ற தொண்டு அமைப்பும் கேட்ஸ் அறக்கட்டளையின் 7 கோடி டாலரோடு களமிறங்கின. ஆப்பிரிக்க அதிகாரிகள் அவர்களிடம் சொன்னது ஒரே நிபந்தனை: ஓர் ஊசி 50 சென்டைத் தாண்டினால் எங்களால் வாங்க முடியாது. அன்றைக்கு அது சுமார் 23 ரூபாய். பொதுவாக மருந்தைக் கண்டுபிடித்துவிட்டு விலை வைப்பார்கள். இங்கே விலையை எழுதி வைத்துவிட்டு, அதற்குள் அடங்கும் மருந்தைத் தேடினார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் உண்மையான கண்டுபிடிப்பு அதுதான். பெரிய நிறுவனங்களோடு நடத்திய பேச்சு பலிக்கவில்லை. கடைசியில் பிணைக்கும் நுட்பம் அமெரிக்க அரசு ஆய்வகத்திலிருந்து வந்தது, சர்க்கரை நெதர்லாந்திலிருந்து, பிணைப்புக்கான டெட்டனஸ் புரதத்தை ஏற்கெனவே மலிவாகத் தயாரித்துவந்த புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட், தடுப்பூசியை உருவாக்கியது. பெயர் மென்ஆஃப்ரிவேக். விலை சுமார் 40 சென்ட்.

2010 டிசம்பர் 6ஆம் தேதி புர்கினா ஃபாசோவில் பெரிய அளவில் ஊசி போடத் தொடங்கினார்கள். 1 முதல் 29 வயது வரை எல்லோருக்கும், சில நாட்களிலேயே ஒரு கோடிப் பேருக்கு மேல். நோயாளிகளைவிடக் கிருமியைச் சுமந்து திரிபவர்களைக் குறிவைத்ததால்தான் இந்தப் பரந்த வயது வரம்பு. பிறகு தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்துச் சோதித்தபோது ஏ வகைக் கிருமி அகப்படவே இல்லை.

இன்னொரு தலைவலி ஐஸ். கரண்டே இல்லாத கிராமத்துக்கு ஊசி மருந்தைக் கொண்டுபோக, தினமும் எங்கேயாவது ஐஸ் பொதிகளை உறைய வைத்து, பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிப் போய், மாலையில் உருகியதோடு திரும்ப வேண்டும். இந்த மருந்து 40 டிகிரி வெயிலிலும் நான்கு நாள் தாக்குப்பிடிக்கும் என்று சோதனையில் தெளிவானதும், 2012இல் அதற்கு அதிகாரப்பூர்வ அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு பெனின் நாட்டில் ஐஸ் இல்லாமலே பெட்டிகள் புறப்பட்டன.

2017க்குப் பிறகு அந்த ஒட்டியாண நாடுகளில் ஏ வகையால் உறுதிப்பட்ட நோயாளி ஒருவர்கூட இல்லை. ஆனால் கிருமிக்கு வேறு போர்வைகளும் உண்டே. 2013இல் நைஜீரியாவில் சி வகை தலைதூக்கியது, 2015இல் நைஜரிலும். எக்ஸ் வகைக்கோ 2023 வரை உலகில் எங்குமே தடுப்பூசி இருக்கவில்லை; அது பணக்கார நாடுகளை அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. இப்போது ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் ஐந்துக்குமான ஒரே ஊசி அதே புனேயிலிருந்து வந்திருக்கிறது. 2024இல் அதை முதலில் போடத் தொடங்கிய நாடு நைஜீரியா.