பல் குருத்துக் கலம்

‘ஸ்டெம் செல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதில் ‘செல்’ என்பதை மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளில் ‘கலம்’ என்றே படிக்கிறோம். அதில் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் ‘ஸ்டெம்’மில்தான். அதைத் ‘தண்டு’ என்று வைத்து ‘தண்டுக்கலம்’ என எழுதுகிறவர்கள் உண்டு. கேட்பவருக்கு உடனே முள்ளந்தண்டு நினைவுக்கு வரும், முதுகில் ஊசி போடுவார்களோ என்ற பயமும் கூடவே வரும்.

மூலச்சொல் ஜேர்மன் மொழியின் ‘ஸ்டாம்செல்ல’. 1868இல் ஜேர்மன் உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் எழுதியது. அவர் மனதில் இருந்தது வம்சமரம். பல கலங்களாலான உயிரினங்களுக்கெல்லாம் மூதாதையான ஒற்றைக் கல உயிருக்கு அந்தப் பெயரை வைத்தார், பின்னர் கருக்கட்டிய முட்டைக்கும் வைத்தார். இன்று அது, தன்னைப் போன்றதையும் பெருக்கி, வேறு வகைக் கலமாகவும் மாறக்கூடிய கலத்தைக் குறிக்கிறது. இதற்குக் ‘குருத்துக் கலம்’தான் சரியான தமிழ் என்பேன். தென்னையில் இனி வரப்போகும் ஓலையெல்லாம் குருத்துக்குள்தான் இருக்கிறது. அதைச் செவ்வண்டு தின்றுவிட்டால் மரம் போய்விடும் என்பது நம் பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரியும். தமிழ்நாட்டார் எழுதும் ‘குருத்தணு’வும் இதே வழியில் வந்ததுதான்.

சரி, பல்லில் இது எங்கே இருக்கிறது? நடுவே, இரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் மென்மையான பற்கூழில். சூத்தை ஆழமாய்ப் போனதும் உயிர் போகிறமாதிரி வலிப்பது இந்த இடம்தான். ஞானப்பல்லின் கூழில் இக்கலங்கள் இருப்பதை 2000இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான சொங்டாவ் ஷி, தன் மகளின் விழுந்த பல்லுக்குள் சிவந்த இழையம் இருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து தொடங்கிய ஆய்வு 2003இல் வெளிவந்தது: விழுந்த பாற்பல் ஒவ்வொன்றிலும் பெருகக்கூடிய கலங்கள் 12 முதல் 20 வரை இருந்தன. அவ்வளவுதான், ஆனால் ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பெருக்கலாம். நாம் அணிலிடம் புதுப்பல் கேட்டுக் கூரையில் எறிகிற அதே பல்!

2018இல் சீனாவில், அடிபட்டுக் கூழ் செத்துப்போன முன்பற்களுக்குள் பிள்ளைகளின் சொந்தப் பாற்பல் கலங்களை வைத்தார்கள். கூழ் மீண்டும் வளர்ந்தது, பல்லுக்கு உணர்ச்சியும் திரும்பியது. பல்லைத் தாங்கும் எலும்பை வளர்ப்பது, நரம்புச் சேதத்தைச் சரிசெய்வது போன்றவை இன்னும் பரிசோதனை நிலையில்தான். ஆகவே பிள்ளையின் பல்லைக் காசு கட்டிச் சேமிக்கச் சொல்லி யாராவது வந்தால், எந்த நோய்க்கு, எந்த ஆஸ்பத்திரியில் இதை இப்போது கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.