விண்டேஜ்: பழசு இல்லை, பறித்த வருடம்

விண்டேஜ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பழைய கார், பழைய கைக்கடிகாரம், போதாக்குறைக்கு 'விண்டேஜ் ரஜினி'. அந்த அர்த்தத்தோடு ஒயின் பக்கம் போனால் மாட்டிக்கொள்வோம். அங்கே விண்டேஜ் என்றால் திராட்சை பறித்த வருடம். போன வருடம் பறித்த திராட்சையில் செய்த ஒயினுக்கும் விண்டேஜ் உண்டு. ஒயின் பற்றிய ஆங்கில எழுத்தில் வரும் 'அண்மைய விண்டேஜ்கள்' என்பதைப் 'புதிய பழமைகள்' என்று மொழிபெயர்த்தால் சிரிப்புதான் வரும்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'வீனும்' என்றால் ஒயின். 'தேமேரே' என்றால் எடுத்தல், அகற்றல். இரண்டும் சேர்ந்து 'விந்தேமியா', அதாவது திராட்சை பறிப்பு. அது பிரெஞ்சில் 'வாந்தாஞ்ஜ்' ஆனது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் புது நாட்காட்டி போட்டபோது, செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கும் முதல் மாதத்துக்கு 'வாந்தேமியேர்' என்று பெயர் வைத்ததும் இந்தப் பறிப்பை நினைத்துத்தான். பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் விண்டேஜ் ஆனது. வேடிக்கை என்னவென்றால், பாட்டிலில் அச்சிடும் வருடத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லால் சொல்வதில்லை. அதற்கு 'மிலேசிம்' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். பறிப்பு வேறு, வருடம் வேறு.

வருடத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? பிரான்சின் ஆல்சாஸ் பகுதியில் 1626 முதல் ஒயின் செய்துவரும், இப்போது ரிபோவில்லே ஊரில் இருக்கும் த்ரிம்பாக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய 'க்ளோ சேன்த் யூன்' தோட்டம் வெறும் 1.67 ஹெக்டேர், நம் கணக்கில் நாலு ஏக்கர் சொச்சம். வருடா வருடம் அதே மண், அதே ரீஸ்லிங் திராட்சை. மாறுவது வானம் மட்டும்தான். 2021இல் ஆல்சாஸில் மழையும் பூஞ்சாண நோயும் படுத்தியெடுத்தன. 2022இல் வெயிலும் வறட்சியும். வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். குளிர்ந்த வருடத்தில் புளிப்பு தங்கிவிடும். ஆல்சாஸின் ஒல்லியான நெட்டைப் பாட்டிலில் ஒட்டிய நான்கு இலக்கம் சொல்வது இந்தக் கதையைத்தான், வயதுப் பெருமையை அல்ல.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, லேபிளில் வருடம் போட்டால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அந்த வருடத்தில் பறித்ததாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஷாம்பெயின் பாட்டில்களில் வருடமே இருக்காது. பல வருடத்து ஒயின்களைக் கலந்து செய்வதால்.

சரி, தமிழில்? கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை வருடம் முழுக்கக் கிடைக்கிறது. எந்த வருடத்துப் பழம் என்று கேட்க அங்கே யாருக்கும் அவசியம் வந்ததில்லை. 'அறுவடை ஆண்டு' என்றால் புரியும், தப்பும் இல்லை. ஆனால் எனக்கு அதில் நெல் வாசம் அடிக்கிறது. கொடியிலிருந்து கொத்தாக எடுப்பதற்குப் 'பறிப்பு'தான் பொருத்தம். ஆகவே வருடத்துக்குப் 'பறிப்பாண்டு'. '2021 பறிப்பாண்டு ரீஸ்லிங்' என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. 'அண்மைய விண்டேஜ்கள்' வரும் இடத்தில் 'அண்மை ஆண்டுகளின் ஒயின்கள்' என்றாலே போதும்.

அப்புறம் கார். பிரிட்டனில் 1919 முதல் 1930 வரை தயாரானவற்றைத்தான் கறாராக விண்டேஜ் கார் என்கிறார்கள். அதற்குப் 'பழங்காலக் கார்' என்பதே சரி. பறிப்பாண்டை அங்கே இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.