கேமராவுக்கு முன்னால் ஒரு பழைய தொழிலாளி

மூடிக்கிடக்கும் மில்கள், மேலூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரிகள் என்று கேமராவோடு கிளம்பும் பிள்ளைகள் மதுரையில் இப்போது நிறையப் பேர். இப்படிப்பட்ட இடங்களை ஆவணப்படுத்துவதே என் தொழில் என்பதால் என்ன லென்ஸ், எந்த ட்ரோன் என்று கேட்பார்கள். அங்கே வேலை பார்த்தவர் யாராவது உங்களோடு வருகிறாரா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி மில் வந்ததிலிருந்து மில் சங்கைக் கேட்டு எழுந்த ஊர் இது. ஒரு மில்லை மூடியதும் மெஷின்கள் எடைக்குப் போய்விடும், தரையில் போல்ட் ஓட்டைகள்தான் மிஞ்சும். நமக்கு ஒன்றும் புரியாது. ஆனால் நூல் நூற்கும் ஸ்பின்னிங்கில் இருந்த ஒரு பெரியவரைக் கூட்டிப்போனால், இது பஞ்சைச் சீவும் கார்டிங், இங்கே இழைகளை நீட்டும் ட்ராயிங், அடுத்து லேசாக முறுக்கும் சிம்ப்ளெக்ஸ், அந்தக் கடைசியில் நூலாக்கும் ரிங் ஃப்ரேம் என்று நடந்தே காட்டிவிடுவார், அந்த நடையை வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுத்தால் பஞ்சு நூலாகிப்போன வழி முழுசாகப் பதிவாகிவிடும். கேபிள் போன பள்ளம் எங்கே, எந்தப் பக்கம் கூரை ஒழுகி உளுத்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் மட்டும் யாரும் ஏறாதீர்கள், ஆள் கனத்தை அது தாங்காது.

சுரங்கம் என்றால் காற்றுதான் முதல் எதிரி. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். பழைய சுரங்கத்தில் கூரையைத் தாங்க வைத்து இப்போது மக்கும் மரமுட்டுகளும் காற்றுப் பட்டு மாறும் கந்தகக் கனிமங்களும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், கார்பன் டை ஆக்சைடு கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்கி நிற்கும். நேற்று நன்றாக இருந்த இடம் இன்று காற்றழுத்தம் இறங்கியதும் விஷமாகிவிடலாம். நாற்றம் இல்லாமலே, சில நேரம் மூச்சுத்திணறல்கூடத் தெரியாமலே கால் துவண்டு விழுந்துவிடுவீர்கள். நம் ஊர்க் கிணறுகளில் ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போன அடுத்தவரும் விழுவது இதனால்தான். மெழுகுவத்தி ஏற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தீப்பற்றும் மீத்தேன் வாயு இருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைக்கும். காற்றில் உள்ள வாயுக்களை அளக்கும் கேஸ் மீட்டர் வேண்டும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அது கத்தும், உடனே திரும்பிவிட வேண்டும். சாதாரண நான்கு வாயு மீட்டர்களில் பெரும்பாலானவை கார்பன் டை ஆக்சைடை அளப்பதில்லை, அதையும் அளக்கும் மீட்டராகக் கேட்டு வாங்குங்கள்.

சுரங்கப் பொறியாளரோ அங்கே வேலை செய்தவரோ கூட வராவிட்டால் நான் இறங்குவதில்லை. வெளியே ஒருவர், நாங்கள் எத்தனை மணிக்கு ஏறி வரவேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நேரம் தாண்டினால் அவர் உள்ளே வரக்கூடாது, தீயணைப்புத் துறைக்குத்தான் போன் போட வேண்டும்.

கோலார் தங்கவயலுக்குள் போக முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2001 பிப்ரவரி 28-இல் அது மூடப்பட்டது, பம்புகள் நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஆனால் அங்கே இறங்கி வேலை பார்த்த தமிழர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் வயது ஏறிக்கொண்டே போகிறது. சுரங்கத்தை எடுக்க முடியவில்லை என்று வருத்தப்படாமல் அவர்களை உட்கார வைத்துப் பேசவிடுங்கள், பாறை வெடித்துச் சரியும் முன் என்ன சத்தம் கேட்கும், கூண்டில் இறங்கும்போது காது எப்படி அடைக்கும் என்று கேளுங்கள். எனக்கு இதுதான் பெரிய ஆவணம்.

குவாரியானாலும் மில்லானாலும் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு மீட்டர் அளவுகோல் தெரியட்டும், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தீர்கள் என்று ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். பேசிய பெரியவர் வீட்டுக்கு ஒரு பென் டிரைவில் பிரதி கொடுத்துவிடுங்கள்.