செயற்குறியா, இயக்குநரா?

தரவுத்தளப் பாடங்களைத் தமிழில் எழுதுவோர் பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியது; ஆனால் அவர்களுள் பலர், +, * போன்ற குறிகளைச் சுட்டும் 'ஆப்பரேட்டர்' என்பதைக் கண்டவுடன் 'செயற்குறி' என்னாமல் 'இயக்குநர்' என்று எழுதிவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. 'புதிய இயக்குநரை உருவாக்குக' என்று படிக்கும் மாணவர் கோடம்பாக்கத்தை நினைப்பாரே ஒழிய, கூட்டல் குறியை நினைக்க மாட்டார்.

லத்தீனில் 'ஓபஸ்' என்றால் வேலை. அதன் வழிவந்த 'ஆப்பரேட்டர்' முதலில் வேலை செய்யும் ஆளைக் குறித்து, பிறகே கணிதத்துக்குள் புகுந்தது. அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடுவோர் அந்த ஆளையே தரவுத்தளத்துக்குள் கொண்டுவந்துவிடுகின்றனர்.

அங்கே அப்படி ஓர் ஆள் இல்லை. 1986-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் பெர்க்லியில் உருவாகத் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள், பயனரே தமக்கு வேண்டிய தரவினங்களையும் (டேட்டா டைப்) செயற்குறிகளையும் வரையறுத்துக்கொள்ள இடமளித்தது. கலப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். 'கிரியேட் டைப்' கட்டளையால் மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி ஆகிய இரண்டும் கொண்ட தரவினத்தை அமைக்கிறோம்; இரு கலப்பெண்களைக் கூட்டும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை எழுதுகிறோம்; பிறகு 'கிரியேட் ஆப்பரேட்டர்' கட்டளையால் '+' என்ற குறியை அச்செயற்கூறோடு பிணைக்கிறோம். கூட்டுவது செயற்கூறு, '+' அதை அழைக்கும் குறி மட்டுமே. '@>' என்ற ஒரே குறி அணிகளுக்கு (அரே) ஒரு செயற்கூறையும் வீச்சுகளுக்கு (ரேஞ்ச்) வேறொன்றையும் அழைக்கிறது. அதை 'இயக்குநர்' என்றால் யார் எதை இயக்குகிறார் என்ற குழப்பமே மிஞ்சும்.

'செயலி' என்போர் பரவாயில்லை. 'அர்' விகுதியையாவது தவிர்த்தார்கள். ஆயினும் கைப்பேசியில் நிறுவுவதும் செயலி, கணினியின் உள்ளே கணக்கிடும் சில்லும் செயலி என்றாகிவிட்ட நிலையில், அச்சொல்லின் மேல் மூன்றாவது சுமையையும் ஏற்றுவது தெளிவுக்கு உதவாது. தருக்க ஆப்பரேட்டர்களான 'அண்ட்', 'நாட்' ஆகியவை சொற்களாயிற்றே, அவற்றைச் செயற்குறி எனலாமா என்பது அடுத்த தடை. சொல்லும் ஒரு குறிதான். அன்றியும், 'கிரியேட் ஆப்பரேட்டர்' கட்டளையில் நாம் சூட்டும் பெயரில் +, *, <, ~ போன்ற குறிகளுக்கே இடமுண்டு, எழுத்துகளுக்கு இல்லை. 'செயற்குறி' என்ற பெயருக்கு இதைவிட நேரான பொருத்தம் வேறெங்கே கிடைக்கும்?

ஒரு சொல்லோடு சேர்ந்தே வரும் இணைச்சொல்லையும் எண்ணிப் பார்க்காமல் கலைச்சொல் ஆக்குவதே இன்றைய மொழிபெயர்ப்புகளின் பெருங்குறை. செயற்குறிக்கு இருபுறமும் நிற்கும் 'ஆப்பரண்ட்'களுக்குச் செயலேற்பிகள் என்று தமிழகப் பாடநூல்களில் இசைவான சொல் முன்பே இருக்கிறது. 'இயக்குநர்' கட்சியினரோ 'இடப்பக்க இயக்கப்படுபவர்' என்றுதான் எழுதியாக வேண்டும்.