கறுப்பாகத் தெரிந்தால் அங்கே ஒன்றும் இல்லையா?

எலியின் காதுமடல் ரத்த நாளங்களை ஒளிஒலி நுண்ணோக்கியில் படமெடுத்துக் கொண்டுவந்தார் எங்கள் ஆய்வு மாணவி. ஒரு நாளம் பாதி வழியில் அறுந்து, சற்றுத் தள்ளி மறுபடி தொடங்கியது. "அடைப்பு" என்றார் உறுதியாக. பெரிதாக்கிப் பார்த்தேன். அறுந்த இடம் ஒரு வட்டம். பக்கத்து நுண்நாளங்களும் அதே வட்டத்துக்குள் காணாமல் போயிருந்தன. ரத்தக்கட்டி இவ்வளவு ஒழுங்காக வட்டம் போடாது. காதின்மேல் தடவிய ஜெல்லில் ஒரு காற்றுக் குமிழி! துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி எடுத்ததும் நாளம் முழுதாகத் திரும்பி வந்தது.

இந்தக் கருவி ஒளியால் தட்டி ஒலியால் கேட்கிறது. சில நானோ நொடி நீடிக்கும் லேசர் துடிப்பைச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சும்போது, வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு ஏறினாலே போதும். அதற்கே திசு விம்மி மீயொலி எழுப்பிவிடும். ஒளி ஒலியாக மாறும் இந்த விளைவை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880இலேயே கண்டறிந்தார். எழுந்த ஒலி உணரியை அடைய நீரோ ஜெல்லோ வேண்டும். நடுவில் காற்று புகுந்தால் வந்த வழியே திரும்பிவிடும்.

குமிழியைத் துடைத்துவிடலாம். அலைநீளம் செய்யும் மாயம் அப்படிப்பட்டதல்ல. 532 நானோமீட்டர் பச்சை ஒளியில் சிவப்பணுக்கள் சாயமே இல்லாமல் பளிச்சென்று தெரியும். அருகிலேயே இருக்கும் நரம்பும் வெள்ளையணுவும் இருட்டில் கிடக்கும். 266 நானோமீட்டர் புறஊதாவுக்கு மாறினால் செல்களின் உட்கருக்கள் ஒளிரும். ஆனால் அது டிஎன்ஏவையே சிதைக்கக்கூடியது. அதனால் பெரும்பாலும் வெட்டியெடுத்த திசுவுக்குத்தான் பயன்படுத்துகிறோம். இரண்டு அலைநீளங்களில் எடுத்து ஒப்பிட்டால் ஒவ்வொரு நாளத்திலும் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கிடலாம். எனக்கு இந்தத் தொழிலில் இன்றும் சலிக்காதது இதுதான்.

ஆழத்திலும் ஏமாறலாம். சில மைக்ரோமீட்டர் நுணுக்கம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்வரைதான். அதற்குக் கீழே ஒளி சிதறிவிடும். தோலில் மெலனின் என்ற நிறமி மிகுந்திருந்தால் மேற்பரப்பே ஒளியின் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

அலைநீளமும் ஆழமும் குறிக்கப்படாமல் என் மேசைக்கு வரும் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அந்த மாணவியோ, ஜெல் தடவியதும் விளக்கருகே குனிந்து ஒருமுறை பார்த்த பிறகுதான் லேசரை இயக்குகிறார்.